18 பிள்ளைகளை ஏற்றுக்கொண்டவர்: மஸ்கட் மிஷனரி பீட்டர் ஸ்வேமர்

அரபு நாடுகளில் ஊழியம் செய்த சாமுவேல் ஸ்வேமரை நம்மில் அநேகர் அறிவோம். அவருடைய தம்பி பீட்டர், 1868-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு போதகரின் வீட்டில் பிறந்தார். 1892-இல் அரேபிய மிஷனில் சேர்ந்து, அடுத்த ஆண்டு மஸ்கட்டில் ஊழியத்தைத் தொடங்கினார்.

அக்காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பிள்ளைகளைப் பிடித்துப் பாய்மரக் கப்பல்களில் ஏற்றிவந்து, பேரீச்சந்தோட்டங்களிலும் முத்துக்குளிக்கும் படகுகளிலும் வேலை செய்ய விற்றார்கள். இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1873-லேயே மஸ்கட் சுல்தான் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் பிரிட்டனோடு கையெழுத்திட்டிருந்தார். ஆனாலும் சூர் துறைமுகத்துக் கப்பல்கள் பல பிரெஞ்சுக் கொடியைக் கட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கடற்படையின் சோதனைக்குத் தப்பின. கப்பல் பிடிபட்டாலும் மற்றொரு கேள்வி இருந்தது: மீட்ட பிள்ளைகளை யாரிடம் விடுவது? ஊரும் உறவும் இல்லாத பிள்ளையைக் கரையில் இறக்கிவிட்டால், அது மறுபடியும் வியாபாரியின் கையில்தான் விழும்.

1896-இல் இப்படி மீட்கப்பட்ட 18 ஆப்பிரிக்கச் சிறுவர்களைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் பீட்டரிடம் ஒப்படைத்தார்கள். அவர் அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து, எழுத்தும் வேதமும் கைத்தொழிலும் கற்பித்தார். மஸ்கட்டின் வெயிலும் காய்ச்சலும் அவர் உடலை உருக்கின. 1898-இல் சுகவீனராய் நாடு திரும்பிய அவர், அக்டோபர் 18 அன்று நியூயார்க்கில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அப்போது அவருக்கு வயது 30. பிள்ளைகளின் பொறுப்பை ஏற்ற ஜார்ஜ் ஸ்டோனும் அடுத்த ஆண்டே மரித்தார். அதன்பின் ஜேம்ஸ் கேன்டைன் அவர்களைப் பராமரித்தார். மூவரும் மாறி மாறி வந்தபோதும் பிள்ளைகள் கைவிடப்படவில்லை.

இன்று ஐக்கிய அரபு அமீரகத்தில், ஆள்கடத்தலைக் கடும் குற்றமாக்கிய சட்டம் இருக்கிறது. மீட்கப்பட்டவர்களுக்குக் காப்பகங்களும் இருக்கின்றன. ஆனால் குற்றவாளி தண்டனை பெற வேண்டுமானால், பாதிக்கப்பட்டவர் பயமின்றிச் சாட்சி சொல்ல வேண்டும். வேலை என்று நம்பி வந்து ஏமாந்த நம் ஊர்ச் சகோதரிக்குத் தமிழில் பேச ஓர் ஆள் வேண்டும். வழக்கு முடியும்வரை தைரியம் சொல்லவும், வீட்டுக்குச் செய்தி அனுப்பவும் துணை வேண்டும். பீட்டர் ஸ்வேமர் கப்பலைப் பிடிக்கவில்லை, சட்டமும் இயற்றவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தார். நம்மாலும் முடிந்த ஊழியம் அது.