சிங்காரவேலரின் அறிக்கை

மீனவர் குடியில் 1860இல் பிறந்த ம. சிங்காரவேலர் சென்னையில் வழக்கறிஞராய்ப் பொருளும் புகழும் ஈட்டியவர். ஒத்துழையாமையை ஏற்று 1921இல் அத்தொழிலைத் துறந்தார். மறு ஆண்டு கயா காங்கிரசில் தம்மைப் பொதுவுடைமையாளரென வெளிப்படையாக அறிவித்தார்.

1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடி, இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தொடங்கினார். அதன் அறிக்கையையும் அச்சிட்டு வெளியிட்டார். அதற்குமுன் தேசியத் துண்டறிக்கைகள் பெரும்பாலும் பாரத அன்னையின் மக்களையே விளித்தன. இவ்வறிக்கையோ ஆலையிலும் கழனியிலும் உழைப்போரை விளித்து, தமக்கெனக் கட்சி காணுமாறு அழைத்தது. விளி மாறினால் கேட்போர் மாறுவர் என்பதைக் கவிஞர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசும் அதனை உணர்ந்திருந்தது: 1924இல் கான்பூர் சதி வழக்கு, 1928 தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்திற்காக அறுபத்தெட்டாம் அகவையில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை. 1930இல் விடுதலையானார்.

1945இல் சென்னை அச்சுத் தொழிலாளர் சங்க மாநாட்டில், எழுத்துக் கோப்போர் நடுவே பேசினார். 1946 பிப்ரவரி 11இல் மறைந்தார்.