காந்தி ஜெயந்தி அன்று கண் மூடிய காமராஜர்

1975-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ந் தேதி. வியாழக்கிழமை. காந்தி ஜெயந்தி.

சென்னை தியாகராய நகரில், திருமலைப்பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீடு. பகல் சாப்பாடு முடிந்துவிட்டது. 72 வயதுப் பெரியவர் ஒருவர் வழக்கம்போல் கட்டிலில் படுத்துக் கண் அயர்ந்தார்.

சிறிது நேரத்தில் விழித்துக்கொண்டார். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. உதவியாளரைக் கூப்பிட்டு, டாக்டரை வரச் சொல்லும்படி கூறினார். பதறிப்போன உதவியாளர் வெளியே ஓடும்போது, விளக்கை அணைத்துவிட்டுப் போகும்படியும் சொன்னாராம். அதுதான் அவர் வாயிலிருந்து வந்த கடைசிப் பேச்சு என்பார்கள்.

டாக்டர் வந்து பார்த்தபோது உயிர் பிரிந்திருந்தது. மாரடைப்பு.

இறந்தவர் காமராஜர். ஒன்பது ஆண்டுகள் முதல்-மந்திரியாக இருந்தவர். இரண்டு பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர்.

திடீர்ச் சாவு என்பது அவருக்குப் புதியது அல்ல. வாழ்நாள் முழுவதும் அது அவரைத் தேடித் தேடி வந்தது.

ஆறு வயதில்

1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி விருதுபட்டியில் பிறந்தார் காமராஜர். இன்று அந்த ஊருக்கு விருதுநகர் என்று பெயர். தந்தை குமாரசாமி நாடார், தாயார் சிவகாமி அம்மாள். நாகம்மாள் என்று ஒரு தங்கை.

காமராஜருக்கு ஆறு வயது இருக்கும்போது தந்தை காலமானார். சிவகாமி அம்மாள் நகைகளை விற்றார். அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்து, மாதாமாதம் வந்த வட்டியில் இரண்டு குழந்தைகளையும் வளர்த்தார். பையனின் படிப்பு பாதியில் நின்றது. தாய்மாமனின் துணிக்கடையில் துணி கிழித்துப் போடும் வேலைக்குப் போனான்.

அந்தப் பையன்தான் பிற்காலத்தில் முதல்-மந்திரியாகி, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தான். ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடும் போட்டான். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

சிறையில் இருந்தபோது

காமராஜரை அரசியலில் கைதூக்கி விட்டவர் தீரர் சத்தியமூர்த்தி. 1936-ல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஆனபோது, காமராஜர் செயலாளர். 1940-ல் காமராஜர் தலைவர் ஆனார். அப்போது அவருக்குக் கீழே செயலாளராக இருக்கச் சம்மதித்தார் சத்தியமூர்த்தி. குரு சிஷ்யனுக்கு உதவியாளராக இருந்த அதிசயம் அது.

1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் தொடங்கியது. இருவரும் கைதானார்கள். அமராவதி சிறைக்குக் கொண்டு போகும் வழியில் சத்தியமூர்த்திக்கு முதுகெலும்பில் அடிபட்டது. பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. 1943-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி, சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் உயிர் துறந்தார்.

காமராஜர் அப்போது சிறையில் இருந்தார். குருவின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்க்கவும் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

1947 ஆகஸ்டு 15-ந் தேதி நாடு விடுதலை அடைந்தது. எங்கு பார்த்தாலும் கொண்டாட்டம். காமராஜர் முதலில் போனது சத்தியமூர்த்தியின் வீட்டுக்கு. அங்கே தேசியக் கொடியை ஏற்றினார். நான்கு ஆண்டு தாமதமாகச் செலுத்திய அஞ்சலி அது.

நேரு மறைந்தார்

1963-ம் ஆண்டு, அதே அக்டோபர் 2-ந் தேதி, காமராஜர் முதல்-மந்திரி பதவியை ராஜினாமா செய்தார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்கு வரவேண்டும் என்ற யோசனை அவருடையது. அதனால் தாமே முதலில் வெளியேறினார். சில மாதங்களில் அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார்.

தலைவராகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1964 மே 27-ந் தேதி பிற்பகல், பாராளுமன்றத்தில் அந்தச் செய்தி அறிவிக்கப்பட்டது. பிரதம மந்திரி ஜவஹர்லால் நேரு காலமானார்.

17 ஆண்டுகளாக நாட்டுக்கு ஒரே பிரதம மந்திரி. ஒரு தலைமுறைக்கு வேறு பிரதமரே தெரியாது. நேருவுக்குப் பிறகு யார் என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்தது. ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காரர் அதையே தலைப்பாக வைத்து 1963-ல் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். இந்தியா துண்டு துண்டாகிவிடும், ராணுவ ஆட்சி வந்துவிடும் என்றெல்லாம் ஆரூடம் சொன்னவர்களும் உண்டு.

சாவு வீட்டைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். எல்லோரும் கதறுவார்கள். ஒரே ஒருவர் மட்டும் அழமாட்டார். பந்தலுக்குச் சொல்வார். உறவுக்கு ஆள் அனுப்புவார். பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுத்தார்களா என்று கேட்பார். அந்தப் பெரியப்பாவோ மாமாவோ இல்லாவிட்டால் அந்த வீடு நிலைகுலைந்துவிடும். அவருக்குத் துக்கம் இல்லை என்று யாரும் நினைப்பதில்லை.

1964-ல் இந்தியாவுக்கு அப்படி ஒருவராக இருந்தார் காமராஜர்.

குல்சாரிலால் நந்தா அன்றே இடைக்காலப் பிரதமரானார். அடுத்த பிரதமர் யார் என்பதில் போட்டி. மொரார்ஜி தேசாய்க்கு ஆசை இருந்தது. ஓட்டெடுப்பு நடந்தால் துக்கத்தின் நடுவே கட்சி இரண்டாகப் பிளக்கும். அதனால் காமராஜர் தலைவர்களையும், முதல்-மந்திரிகளையும், பாராளுமன்ற உறுப்பினர்களையும் கூப்பிட்டுப் பேசினார். தாம் குறைவாகப் பேசி, அவர்கள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். பெரும்பாலோர் விருப்பம் லால்பகதூர் சாஸ்திரி என்று கண்டார். மொரார்ஜி ஒதுங்கிக்கொண்டார். ஜூன் 2-ந் தேதி சாஸ்திரி ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நேரு இறந்து ஆறே நாள்!

தாஷ்கண்டில் ஓர் இரவு

ஆனால் காமராஜரை விதி விடவில்லை.

1965-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் போர் புரிந்தன. சமாதானம் பேசுவதற்காக சாஸ்திரி சோவியத் யூனியனில் தாஷ்கண்ட் நகருக்குப் போனார். (அந்நகரம் இப்போது உஸ்பெகிஸ்தான் நாட்டின் தலைநகர்.) 1966 ஜனவரி 10-ந் தேதி, பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப்கானும் அவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அன்று நள்ளிரவுக்குப் பிறகு சாஸ்திரிக்கு மாரடைப்பு வந்தது. விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

சில மாதங்களுக்கு முன்புவரை சாஸ்திரியோடு யுத்தம் செய்த அயூப்கான், அவருடைய சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். சாவு பகையை மறக்கச் செய்கிறது. சில சமயம் ஒரு நாளைக்கு மட்டுமாவது.

பத்தொன்பது மாதத்தில் இரண்டாவது பிரதம மந்திரி போய்விட்டார். மறுபடியும் நந்தா இடைக்காலப் பிரதமர். மறுபடியும் எல்லோரும் காமராஜரைப் பார்த்தார்கள்.

இந்த முறை சிலர் அவரையே பிரதமராக வரும்படி வற்புறுத்தினார்கள். கை நீட்டினால் கிடைக்கும் பதவி. இந்தியும் இங்கிலீஷும் சரளமாக வராத தமக்கு அது பொருந்தாது என்று மறுத்துவிட்டாராம். துணிக்கடையில் தொடங்கியவர் பிரதம மந்திரி நாற்காலி வரை போய், அதைத் தொடாமல் திரும்பினார்.

இந்திரா காந்தியை ஆதரித்தார். மொரார்ஜி விட்டுக்கொடுக்கவில்லை. ஜனவரி 19-ந் தேதி ஓட்டெடுப்பு நடந்தது. இந்திராவுக்கு 355 ஓட்டு. மொரார்ஜிக்கு 169.

தோல்வியும் பிரிவும்

பிறகு நடந்தவை கசப்பானவை. 1967 தேர்தலில், சொந்த ஊரான விருதுநகரிலேயே, தி.மு.க.வைச் சேர்ந்த ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் காமராஜர் தோற்றார். 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனார். ஆனால் அதே ஆண்டு காங்கிரஸ் பிளந்தது. அவர் பிரதமராக்கிய இந்திரா ஒரு பக்கம், அவர் மறுபக்கம். தாயார் சிவகாமி அம்மாள் கண் மூடியதும் அந்த ஆண்டில்தான்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. காமராஜர் மனம் உடைந்துபோனார். மூன்று மாதம் கழித்துத்தான் அந்த அக்டோபர் 2.

காரியம் பார்த்தவர்

திருமலைப்பிள்ளை சாலைக்கு மறுபடியும் வருவோம்.

மற்ற சாவுகளில் காரியம் பார்த்தவர் இப்போது தாமே பிணமாகக் கிடந்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மனைவி மக்கள் கிடையாது. எடுத்துச் செய்ய யார் இருக்கிறார்கள்?

முதல்-மந்திரி மு.கருணாநிதி வந்தார். காமராஜர் ஆட்சியைப் பல ஆண்டுகள் எதிர்த்தவர். காமராஜரைத் தோற்கடித்த கட்சியின் தலைவர். முந்தைய நாள் வரை இரு கட்சிகளும் மேடைக்கு மேடை மோதிக்கொண்டவைதான். ஆனால் அன்று சாவு வீட்டு மாமாவின் வேலையைச் செய்தவர் அவர். அரசாங்க மரியாதைக்கு ஏற்பாடு செய்தார். உடல் ராஜாஜி மண்டபத்துக்குக் கொண்டு போகப்பட்டது. காமராஜர் முதல்-மந்திரியாக இருந்தபோது, 1956-ல் கிண்டியில் காந்தி மண்டபம் திறக்கப்பட்டிருந்தது. அதன் அருகிலேயே தகனத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

ஜனங்கள் ராஜாஜி மண்டபத்தை நோக்கித் திரண்டார்கள். கதர்ச் சட்டைக்காரர்கள் மட்டும் அல்ல. அவருக்கு ஓட்டுப் போடாதவர்களும் வந்தார்கள். அப்படி வந்தவர்களின் அழுகையில் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருந்திருக்கும். உயிரோடு இருந்தபோது 1,285 ஓட்டைக் கொடுக்க மனம் வராத ஊர்தானே!

மறுநாள் டெல்லியிலிருந்து இந்திரா காந்தி வந்தார். ஆறு ஆண்டுப் பிரிவு. அவருடைய ஆட்சியைக் கண்டு மனம் நொந்து இறந்தவரின் உடல் அருகில் அவர் நின்றார். பிரதமர் ஒரு பக்கம், முதல்-மந்திரி ஒரு பக்கம். அடுத்த நான்கு மாதத்துக்குள் அந்த முதல்-மந்திரியின் ஆட்சியை அந்தப் பிரதமரின் அரசாங்கம் கலைத்துவிட்டது. ஆனால் அன்று இருவரும் ஒரே சிதைக்கு மரியாதை செய்தார்கள்.

1976-ல் பாரத ரத்னா பட்டம் அறிவிக்கப்பட்டது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

காமராஜர் பேரில் வீடு இல்லை, நிலம் இல்லை, சேர்த்து வைத்த பணம் இல்லை. மிஞ்சியவை சில வேட்டி சட்டைகள், புத்தகங்கள், செலவுக்கு வைத்திருந்த சொற்ப ரூபாய். வாடகைக்கு இருந்த அந்த வீட்டைப் பின்னர் அரசாங்கம் நினைவு இல்லமாக ஆக்கியது. பாண்டி பஜாரில் ஜவுளி எடுக்க வரும் குடும்பங்கள் கொஞ்சதூரம் நடந்தால் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம்.