கிழங்கு அழுகியது; மீண்டும் போனார் வில்சன்

சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கிறீர்கள். காய்ந்த மேல்தோல் உள்ளே இருக்கும் ஈரத்தைக் காக்கிறது. லில்லிக் கிழங்கும் வெங்காயத்தின் அமைப்புதான். ஆனால் அதற்கு அந்த மேல்தோல் இல்லை. செதில் செதிலாகத் திறந்தே இருக்கும். காற்றில் கிடந்தால் சுருங்கிவிடும். ஈரத்தோடு மூடி வைத்தால் அழுகிவிடும். இந்தச் சிறு வேறுபாட்டுக்குப் பெரிய விலை கொடுத்தவர் எர்னஸ்ட் வில்சன்.

இவர் 1876-ல் இங்கிலாந்தின் சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். நர்சரியில் தொழில் பழகி, பர்மிங்காம் தாவரவியல் பூங்காவிலும் பிறகு கியூ பூங்காவிலும் வேலை பார்த்தார். புதிய செடிகளைத் தேடி 1899-ல் வீச் நர்சரி அவரைச் சீனாவுக்கு அனுப்பியது.

1903-ல் சிச்சுவான் மாகாணத்தில், மின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அவர் ரீகல் லில்லியைக் கண்டார். வெள்ளை இதழ், மஞ்சள் தொண்டை, வெளிப்புறம் ஊதாச் சாயல், நல்ல மணம். கோடையில் சுடும், குளிர்காலத்தில் உறையும் அந்தக் கல் சரிவில் அது செழித்து நின்றது. சில கிழங்குகள் இங்கிலாந்து சேர்ந்து பூத்தன. 1908-ல் அமெரிக்காவுக்கு அனுப்பியவையோ பெரும்பாலும் வீணாயின.

குறை செடியில் இல்லை, அனுப்பிய விதத்தில்தான் என்று உணர்ந்த வில்சன் 1910-ல் அதே பள்ளத்தாக்குக்குத் திரும்பினார். ஆயிரக்கணக்கான கிழங்குகள் தோண்ட ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பும் வழியில் மலைச்சரிவு ஏற்பட்டது. உருண்டு வந்த பாறை வலது காலை இரண்டு இடத்தில் முறித்தது. கேமராவின் முக்காலியை வைத்துக் காலைக் கட்டினார்கள். அந்த ஒற்றையடிப் பாதையில் கோவேறு கழுதைக் கூட்டம் ஒன்று வந்தது. ஒதுங்க இடமில்லை, படுத்திருந்தவரை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. ஒரு குளம்புகூட அவர் மேல் படவில்லை. செங்டு நகரை அடைய மூன்று நாளானது. புண் சீழ் பிடித்து, காலையே எடுக்க வேண்டிய நிலை வந்தது. கால் தப்பியது; ஆனால் கடைசிவரை நொண்டித்தான் நடந்தார்.

இம்முறை கிழங்குகளுக்குக் களிமண் பூசி, கரித்தூளில் அடுக்கி அனுப்பினார்கள். களிமண் ஈரத்தைப் பிடித்தது. கரி அழுகலைத் தடுத்தது. பாஸ்டனில் முளைத்த அந்த லில்லி, வீட்டுத் தோட்டங்களுக்குப் பரவியது. விதையிலிருந்தும் இரண்டு மூன்று ஆண்டுகளில் பூப்பது அதற்கு உதவியது. வில்சன் 1930-ல் அமெரிக்காவில் கார் விபத்தில் மனைவியோடு இறந்தார்.

மலைப்பகுதியில் லில்லி வளர்ப்பவர்கள் அந்தக் கல் சரிவை மனதில் வையுங்கள். தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தி வேண்டும். ரீகல் லில்லி கிழங்குக்கு மேலே, தண்டிலும் வேர் விடும். எனவே கிழங்கின் உயரத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் நடுங்கள். கிழங்கு வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். அழுகிய செதிலை அகற்றிவிட்டு, தாமதிக்காமல் நட்டுவிடுங்கள். அது சரக்கு அல்ல, உயிர்.