கஹால் வரைந்த கண்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் மேசைக்கு எதிரே ஒரு படம் ஒட்டியிருக்கிறது. பொங்கல் விழாவுக்கு நன்கொடை கேட்டு வந்த சங்க நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பழைய ரேடியோவின் மின்சுற்று என்று எண்ணிக்கொண்டார். அது விழித்திரையின் படம். நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முன்னே அதை மசியால் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி சாந்தியாகோ ரமோன் இ கஹால். நண்பருடைய தவறு பெரிய தவறன்று.

ஒளியை உணரும் தகடே, உணர்ந்ததைத் தனக்குள் ஆராய்ந்து, வேண்டியதை மட்டும் வெளியே அனுப்பவேண்டும் என்பதுதான் நான் எடுத்துக்கொண்டிருக்கும் ஆய்வு. சாதாரணக் காமிரா ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவையும் கணிப்பொறியிடம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அந்தப் போக்குவரத்திலேயே மின்சாரமும் நேரமும் கரைகின்றன. இத்துறைக்கு வந்த பிறகுதான் கஹாலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1852ஆம் ஆண்டு மே முதல் நாள் ஒரு மலைக்கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தை வைத்தியர்; மகனும் வைத்தியனாக வேண்டும் என்பது அவர் எண்ணம். மகனுக்கோ படம் வரைவதில் பித்து. ஊருக்குச் சுவர்ப்பூச்சு வேலைக்கு வந்த ஒருவரிடம் மகனின் படத்தைக் காட்டினார் தந்தை. அவர் உதட்டைப் பிதுக்கவே, அதுவே தீர்ப்பாயிற்று! பையன் அடங்கவில்லை. தானே செய்த மரப் பீரங்கியால் அண்டை வீட்டு வாயிற்கதவைத் தகர்த்துச் சில நாள் சிறையிலும் இருந்தான். சவரக்கடையிலும் செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழக அனுப்பப்பட்டான். கடைசியில், 1868இல் தந்தையே அவனை இடுகாட்டுக்கு அழைத்துப்போய், அங்கே பொறுக்கிய எலும்புகளைக் கொண்டு உடற்கூறு கற்பித்தார். எலும்புகளை வரையலாம் அல்லவா? பையன் வழிக்கு வந்தான்.

1873இல் வைத்தியப் பட்டம்; மறு ஆண்டு ராணுவ வைத்தியராகக் கியூபா; அங்கிருந்து மலேரியாவுடன் திரும்புதல். சம்பளப் பணத்தில் மிச்சம் பிடித்து ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார். அன்று தொடங்கியது அவருடைய உண்மையான வாழ்க்கை.

மூளையும் நரம்பும் எங்கும் ஒட்டிய ஒரே வலையா, தனித்தனி அணுக்களின் கூட்டமா என்பது அக்காலத்துப் பெரிய வழக்கு. இத்தாலியரான கோல்ஜி 1873இல் ஒரு முறையைக் கண்டிருந்தார். வெள்ளி உப்பில் ஊறிய திசுவில் ஒருசில அணுக்கள் மட்டும் முழுவதும் கறுத்துத் தெரியும். காடு முழுவதும் மறைந்து ஒரு மரம் மட்டும் வேரோடும் கிளையோடும் நிற்பதுபோல! ஆனாலும் கோல்ஜி வலைக் கட்சிதான். அந்த முறையை 1887இல் மாட்ரிட் நகரில் கண்ட கஹால், அதை இருமுறை ஊறவைத்துச் செம்மையாக்கினார். முதிர்ந்த மூளையை விட்டுக் கருவையும் குஞ்சையும் ஆராய்ந்தார். நரம்பிழைகள் மற்றோர் அணுவை நெருங்கி நின்றுவிடுகின்றன, கலந்துவிடுவதில்லை என்று கண்டார்.

1888இல் பார்சலோனாவில் சொந்தப் பணத்தில் ஒரு சஞ்சிகை தொடங்கினார். அச்சிட்டவை அறுபது பிரதிகள். (நம் மலரின் பிரதிக் கணக்கை நினைத்து வருந்துவோர் கவனிக்க.) ஸ்பானிய மொழியில் இருந்ததால் படித்தவர் சிலரே. 1889இல் கைக்காசு செலவழித்து, கண்ணாடித் துண்டுகளுடன் பெர்லின் மாநாட்டுக்குப் போனார். மைக்ராஸ்கோப் வழியே பார்த்த பேராசிரியர் கோலிகர் எழுபது கடந்தவர். கஹாலைப் படிப்பதற்காகவே ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கினார்.

விழித்திரை பற்றிய அவரது பெருநூல் 1893இல் வந்தது. என் உள்ளத்தைக் கவர்ந்தது அதுதான். மனிதக் கண்ணில் மங்கிய ஒளிக்கான குச்சியணுக்கள் சுமார் 12 கோடி. நிறங்காணும் கூம்பணுக்கள் சுமார் 60 லட்சம். மூளைக்குப் போகும் பார்வை நரம்பின் இழைகளோ ஏறத்தாழ 10 லட்சமே. நடுவில் என்ன நடக்கிறது? பல குச்சியணுக்கள் ஓர் இருமுனை அணுவில் வந்து சேர்வதையும், கூர்ந்து பார்க்கும் நடுக்குழியில் ஒரு கூம்புக்கு ஒரு தனி வழி இருப்பதையும் கஹால் வரைந்து காட்டினார். சேதி போகும் திசையை அம்பிட்டுக் குறித்தார். மின்னோட்டத்தை அளந்து அல்ல, அணுவின் வடிவத்தைக் கண்டே இதை ஊகித்தார் என்பதை எண்ணினால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் அம்பு தடுமாறியது. குறுக்கே படரும் சில அணுக்களுக்கு நீண்ட இழையே இல்லை. அமக்ரைன் என்று பெயரிட்டார். சேதி எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பது அவருக்கு விடுகதையாகவே நின்றது. ஓர் ஒளியுணர்வி தன் பக்கத்துத் துணையை அடக்கி, ஒளியின் விளிம்பை எடுத்துக்காட்டும் விந்தையைப் பின்னர் குதிரைலாட நண்டின் கண்ணில் அளந்தவர் ஹார்ட்லைன். 1967இல் நோபெல் பரிசு பெற்றார். அக்குறுக்குவேலையைச் சிலிக்கனில் செய்து காட்டியவர்கள் மிஷா மகோவால்டும் கார்வர் மீடும். 2020இல் வியன்னாவில் டங்ஸ்டன் டைசெலினைடு தகட்டில், ஒளியை உணரும் புள்ளிகளே எளிய உருவங்களை இனம் பிரித்தன. வெறும் ஒன்பது புள்ளிகள்; ஒவ்வொன்றிலும் மூன்று உணர்விகள்.

1906இல் நோபெல் பரிசை கஹாலும் கோல்ஜியும் பகிர்ந்துகொண்டனர். பரிசுச் சொற்பொழிவிலேயே கோல்ஜி நரம்பணுக் கொள்கையைத் தாக்கினார். கஹாலே வென்றார் என்பது உலகறிந்தது. ஆனால் விழித்திரையின் அமக்ரைன் அணுக்களில் சில நுண்வாயில்களால் நேரே இணைந்திருப்பது பின்னாளில் தெரிந்தது. கிழவர் கோல்ஜிக்கும் சிறிது பங்கு கொடுக்கத்தான் வேண்டும்.

கண்பார்வையை ஆராய்ந்தவர் நிறப் புகைப்படக்கலையிலும் வல்லவர். அதைப் பற்றி 1912இல் ஒரு நூல் எழுதினார். முதுமையிலும் விழித்திரையை விடவில்லை. 1933இல் அது பற்றி மீண்டும் எழுதினார். மறு ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் மாட்ரிட் நகரில் காலமானார்.