பறவைகளின் வழி தேடியவர்

ஆண்டுதோறும் பனிக்காலம் தொடங்குமுன் வடதிசையினின்றும் எண்ணிறந்த பறவைகள் தென்னாட்டுக் காடுகளுக்கு வருகின்றன. இமயத்தின் அடிவாரத்தில் குஞ்சு பொரித்த ஆறுமணிக் குருவி, இங்குள்ள மரநிழல்களில் சருகைக் கிளறி இரைதேடும். சாம்பல் வாலாட்டியோ மேற்குமலைத் தொடரின் ஓடைகளை நாடும். இத்தகைய பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே தங்குகின்றன என்று ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் சாலிம் அலி.

அவர் 1896 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12 ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் சிறு துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் காணப்பட்டது. அஃது என்ன குருவி என அறிய, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்பவரிடம் சென்றார். அவர் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். கொன்ற குருவியே சிறுவனுக்குக் கல்வியின் வாயிலாயிற்று.

பின்னர் அவர் ஜெர்மனி சென்று ஸ்ட்ரெஸ்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1930 இல் மீண்டார். அருங்காட்சியகத்தில் அவர் முன்பு வகித்த பதவியோ பணமின்மையால் நீக்கப்பட்டிருந்தது. மனந்தளராத சாலிம் அலி, செலவை மட்டும் ஏற்றால் ஊதியமின்றிப் பறவைகளைக் கணக்கிட்டுத் தருவதாகச் சுதேச அரசுகளுக்குத் தெரிவித்தார். அவ்வாறே 1933 இல் திருவிதாங்கூர், கொச்சிக் காடுகளில் மனைவி தெஹ்மினாவுடன் கூடாரமிட்டுத் தங்கினார். பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டின் பறவைவளம் அவரை வியப்பில் ஆழ்த்தியது. 1939 இல் தெஹ்மினா மறைந்தார். அத்துயருக்குப் பின்னும் அவர் காட்டை விட்டாரில்லர்.

1957 இல் மைசூர் நாட்டுச் சிமோகாப் பகுதியிலே, கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மாண்டு வீழ்ந்தன. விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் காடு புகுந்த எளியோரைக் கொடுங்காய்ச்சல் பற்றியது. அந்நோயின் கிருமி, ரஷ்யக் காடுகளில் உண்ணிகளால் பரவும் கிருமியை ஒத்திருந்தது. ஆகவே, வலசை வரும் பறவைகளே அதனைச் சுமந்து வந்தனவோ என்னும் ஐயம் எழுந்தது. வாயில்லாப் பறவைகள் மீது விழுந்த இப்பழி மெய்யா பொய்யா என்று காண, அவற்றின் வழியை முதலில் அறிய வேண்டியிருந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் பொருளுதவி செய்ய, சாலிம் அலி பணியை மேற்கொண்டார். பரம்பரையாகப் பறவை பிடிக்கும் மீர்ஷிகார்கள் பிகாரிலிருந்து வரவழைக்கப்பட்டனர். சந்தையில் விற்கவே பிடித்துப் பழகிய அவர்கள், இப்போது பறக்கவிடுவதற்காகப் பிடித்தனர்! பிடிபட்ட பறவையின் உடலில் உண்ணி உண்டா எனத் தேடுவர். பின் காலில் எண்ணும் கழகத்தின் பெயரும் பொறித்த மெல்லிய வளையத்தை மாட்டி விடுவர். பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் பல, தொலைவிலுள்ள சைபீரியாவில் கிடைத்தன. கடலோரக் காடு சூழ்ந்த நம் கோடிக்கரையிலும் இப்பணி நடைபெற்றது. கியாசனூர் நோயைப் பறவைகள் கொணர்ந்தன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அக்காட்டிலேயே வாழும் உண்ணிகளும் சிறு விலங்குகளும் கிருமியைப் பேணி வருவது ஆராய்ச்சியால் புலனாயிற்று.

ரிப்ளி என்பவருடன் இணைந்து அவர் எழுதிய பறவை நூல், 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 1983 இல் தட்டேக்காடு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, சாலிம் அலியின் பெயரைத் தாங்கியது. கூடாரமிட்ட நாளினின்றும் ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. 1987 ஆம் ஆண்டு ஜூன் 20 ஆம் நாள், தொண்ணூறாம் அகவையில் அவர் இயற்கை எய்தினார்.