பெத்லகேமின் மறைநூல் அறிஞர்

ஒரு செடியின் பெயருக்காக ஆலயத்தில் கலகம் எழுந்தது என்றால் நாம் நம்புவோமா? அப்பெயரை எழுதியவர் புனித ஜெரோம்.

ஏறக்குறைய கி.பி. 347-ல் ஸ்திரிதோன் என்னும் ஊரில் பிறந்த இவர், உரோமையில் கல்வி பயின்றார். 382-ல் பாப்பரசர் தமாசுஸ் பணித்தபடி இலத்தீன் நற்செய்தி நூல்களைத் திருத்தத் தொடங்கினார். 386-ல் பெத்லகேமில் குடியேறினார். அங்கே யூத ஆசிரியர் ஒருவர், தம் மக்களுக்கு அஞ்சி, இரவில் வந்து எபிரேயம் கற்பித்தார். கற்றறிந்த யூதருடன் ஜெரோம் புனித நாட்டைச் சுற்றிப் பார்த்தார். அந்நாட்டைக் கண்டவருக்கு மறைநூல் மேலும் தெளிவாகும் என்று நம்பினார். விதவையான புனித பவுலாவும் அவர் மகளும் எபிரேயம் கற்று, இவருக்கு உறுதுணையாயினர்.

யோனாவுக்கு நிழல் தந்த செடியைப் பழைய மொழிபெயர்ப்பு சுரை என்றது. எபிரேயச் சொல்லுக்கு நேரான இலத்தீன் பெயர் இல்லை என்று கருதியதால், ஜெரோம் வேறொரு கொடியின் பெயரை இட்டார். ஆப்பிரிக்காவில் அதை வாசிக்கக் கேட்ட மக்கள் கொதித்தெழுந்தனர். புனித அகுஸ்தீனாரே கடிதம் எழுதி விளக்கம் கேட்டார். அகன்ற இலைகளுடன் தன் தண்டிலேயே நிற்கும் அந்நாட்டுச் செடி அது என்று ஜெரோம் பதிலளித்தார். அது ஆமணக்கே என்பது இன்றைய அறிஞர் பலரின் கருத்து.

420-ம் ஆண்டு செப்டம்பர் 30-ல் ஜெரோம் இறைவனடி சேர்ந்தார். மனப்பாடமாகச் சொல்லும் மறைநூல் வசனங்களை நாமும் அந்நாட்டையும் மக்களையும் அறிந்து, பொருளுணர்ந்து வாசிப்போமாக!