ஒரே அடியில் அச்சாகாத காசு

கையில் ஒரு அஞ்சு ரூபா காசு இருந்தா விரலால தடவிப் பாருங்க. உருவம் லேசாத்தான் தட்டுப்படும். பிரஸ்ஸில் ஒரே அடியில் அச்சாகணும், ஒண்ணு மேல ஒண்ணு ஆடாம அடுக்கணும். அதனால்தான் அந்தத் தட்டை. இந்தக் கட்டாயத்தோடு மோதிய சிற்பி ஒருத்தர் இருந்தார்: அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ்.

1848-ல் டப்ளினில் பிறந்தார். அப்பா செருப்புத் தைக்கிற பிரெஞ்சுக்காரர், அம்மா ஐரிஷ். கைக்குழந்தையா இருக்கும்போதே குடும்பம் அமெரிக்கா போயிடுச்சு. 13 வயசில் நியூயார்க்கில் கேமியோ செதுக்குறவர்கிட்ட தொழில் பழகச் சேர்ந்தார். சின்னக் கல்லிலோ சிப்பியிலோ முகத்தைப் புடைப்பாக எடுக்கிற வேலை அது. பகலில் பட்டறை, ராத்திரியில் கூப்பர் யூனியனில் ஓவிய வகுப்பு. பிறகு பாரிஸ், ரோம். 1881-ல் நியூயார்க்கில் திறந்த ஃபாரகட் சிலை அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. பாஸ்டனில் கறுப்பினப் படையினரோடு கர்னல் ஷா போகிற புடைப்புச் சிற்பத்துக்கோ பதினாலு வருஷம் எடுத்துக்கிட்டார். கமிட்டிக்காரங்க நொந்துபோனாங்க. ஆனா அதில் ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனி முகம்!

நாணயச்சாலையோடு அவருக்கு முதலிலேயே ஒரு கசப்பு உண்டு. 1893 சிகாகோ கண்காட்சிக்கான பதக்கத்தில் ஒரு பக்கம் அவர் நிர்வாணச் சிறுவனை வடிச்சிருந்தார். எதிர்ப்பு வந்தது. கடைசியில் அந்தப் பக்கத்தையே தூக்கிட்டு, நாணயச்சாலையின் தலைமைச் செதுக்காளர் சார்ல்ஸ் பார்பர் செய்ததை வெச்சாங்க.

அப்படிப்பட்டவரிடம் 1905-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தங்கக் காசு வடிக்கச் சொன்னார். பழைய கிரேக்கக் காசு மாதிரி புடைப்பு தூக்கலா இருக்கணும்னு ஆசை. செயின்ட்-காடன்ஸுக்கு அப்போ புற்றுநோய். இருந்தும் ஒத்துக்கிட்டார். உதவியாளர் ஹென்றி ஹெரிங்கை வெச்சுக்கிட்டு 20 டாலர் காசுக்கு மாதிரி செய்தார்: ஒரு பக்கம் தீப்பந்தத்தோடு நடந்து வரும் சுதந்திர தேவி, மறுபக்கம் சூரியனுக்கு மேல் பறக்கும் கழுகு.

இங்கேதான் நம்ம மெட்டீரியல்ஸ் பாடம் வருது. டையில் பள்ளம் அதிகமா இருந்தா ஒரே அடியில் உலோகம் அதை நிரப்பாது. அடிக்க அடிக்கத் தங்கக்கலவை இறுகிப்போகும். நடுநடுவே சூடாக்கி இளக்கணும். 1907 ஆரம்பத்தில் அடிச்ச சோதனைக் காசு ஒவ்வொண்ணுக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஒன்பது அடி வரை தேவைப்பட்டது. சுமார் இருபது காசுதான் தேறியது. பார்பர் இது நடக்காதுன்னு முரண்டு பிடிச்சார். பொறாமைன்னு பலர் எழுதியிருக்காங்க. ஆனா லட்சக்கணக்கில் அடிக்க வேண்டியவர் அவர்தானே!

1907 ஆகஸ்ட் 3-ல் செயின்ட்-காடன்ஸ் இறந்துட்டார். மக்கள் கைக்குப் போன காசை அவர் பார்க்கவே இல்லை. புடைப்பைக் கொஞ்சம் குறைச்சு அந்த வருஷம் சுமார் 12,000 காசு அடிச்சாங்க. அதுக்கும் ஒரு அடி போதலை. அப்புறம் பார்பர் இன்னும் தட்டையாக்கினார். அந்த வடிவம் 1933 வரை ஓடியது.

2009-ல் அமெரிக்க நாணயச்சாலை அவருடைய பிளாஸ்டர் மாதிரிகளை டிஜிட்டலா அளந்து, பழைய உயரத்தோடவே அதை மறுபடி அச்சடிச்சு வித்தது. 34 மி.மீ. அகலத்தை 27 ஆகச் சுருக்கி, கனத்தைக் கூட்டிக்கிட்டாங்க.